கதவுக்கு இரண்டு பக்கம் உண்டு!

“திருடன் உள்ளே வரக்கூடாதுன்னு பூட்டினே, சரி. நான் வெளியே போகக்கூடாதுன்னு யார் சொன்னது?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பத்திரிகையில் சேர்ந்த நாளாக எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். எனக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று என் வீட்டு வாசலில் காத்திருக்கும் என்று நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். சென்னையில் நாங்கள் குடியிருப்பது ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். எங்கள் தெருக்கோடி வீடு ஒன்றில் பட்டப் பகலில் திருட்டுப் போயிற்று. அன்றிலிருந்து நான் ஆபீசுக்குப் புறப்படும்போது, வெளியிலிருந்து சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிட்டுத்தான் மாடிப்படி இறங்குவேன். உள்ளே இருக்கும் அத்தையிடமும் ஒரு சாவி உண்டு. ஆனால் அந்தச் சாவியை அவர் உள்பக்கத் துவாரத்திலேயே விட்டு வைத்தால், மாலையில் என் சாவி வெளியிலிருந்து நுழையாது. ஆகையால், “சாவியைக் கதவில் விடாதீங்க அத்தை, எடுத்துப் பத்திரமா வையுங்க” என்று சொல்லியிருந்தேன்.

அத்தை பத்திரமாகத்தான் வைத்தார். எவ்வளவு பத்திரம் என்றால், தேவைப்பட்டபோது அவருக்கே கிடைக்கவில்லை!

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசர் கருகிப் புகைய ஆரம்பித்தது. ரப்பர் தீய்ந்த நாற்றமும் கறுப்புப் புகையும் கூடம் முழுவதும் பரவின. அத்தை கதவண்டை ஓடினார். கதவு பூட்டியிருந்தது. சாவி? சுவாமி அலமாரியில் இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. மேஜை டிராயரில் இல்லை. கூச்சல் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து வெளியே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றரை அங்குலக் கதவு.

“பதறாதீங்கம்மா! முதல்லே மெயின் சுவிட்சை அணைங்க!” என்று அக்கா வெளியிலிருந்து கத்தினாள். நல்ல வேளை, அந்தப் புத்தி அவளுக்குத் தோன்றியது. புகை அடங்கிற்று. சாவி கிடைக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அரிசி டின்னுக்குள், படிக்குக் கீழே இருந்தது.

சேதம் ஒரு ஸ்டெபிலைசர்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கதவின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, “ஏம்மா, இந்தப் பூட்டு திருடனுக்குச் சுலபம், வீட்டிலே இருக்கிறவங்களுக்குக் கஷ்டம். தலைகீழா இல்லே இருக்கு!” என்றார்.

அன்று முதல் ஒரு மாதம் பூட்டே என் படிப்பாயிற்று. பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஏறி இறங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாமல் இருப்பது பாவம்.

முறுக்கு நாழியும் ஐந்து முளையும்

பூட்டு என்றால் நம் நாட்டில் நினைவுக்கு வருவது திண்டுக்கல். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது. கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் மறக்காது. அந்தப் பூட்டுகளுக்குள் நெம்புத் தகடுகள் இருக்கும். சாவி திரும்பும்போது அந்தத் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கும்.

இன்று புது வீடுகளின் வாசற்கதவில் இருப்பது வேறு ஜாதி. கதவின் கனத்துக்குள் செதுக்கிப் புதைத்த பூட்டுப் பெட்டி ஒன்று. அதை ‘மார்ட்டைஸ் லாக்’ என்கிறார்கள். அந்தப் பெட்டிக்குக் குறுக்கே, கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை செல்லும் பித்தளைக் கட்டை ஒன்று. சாவி போவது இதற்குள்தான். இதுவே சிலிண்டர்.

முறுக்கு நாழியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குழலுக்குள் இன்னொரு குழல். சிலிண்டரும் அப்படியே: வெளியே அசையாத உடல், உள்ளே சுழலும் உருளை. இரண்டையும் சேர்த்துத் தைத்தாற்போல் ஐந்து அல்லது ஆறு சிறு முளைகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டு. மேலே ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு முளையையும் தூக்கி, எல்லா முளைகளின் இரண்டு துண்டும் பிரியும் இடத்தை ஒரே கோட்டில் நிறுத்தும். அப்போதுதான் உள் உருளை சுழலும். ஒரே ஒரு முளை மயிரிழை ஏறியோ இறங்கியோ நின்றாலும் சுழலாது.

இந்த யோசனை பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இருந்தது. அதை உலோகத்தில் செய்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் என்ற தகப்பனாரும், அதே பெயர் கொண்ட அவருடைய மகனும். மகன் முதலில் மனிதர்களின் உருவப்படம் தீட்டும் ஓவியராக இருந்தவர். தூரிகையை வைத்துவிட்டு அரத்தை எடுத்தார். 1861-லும் 1865-லும் அவர் வாங்கிய பேட்டண்டுகளிலிருந்துதான் இன்று நம் கைப்பையில் கிடக்கும் தட்டையான சின்னச் சாவி வந்தது.

ஒவ்வொரு முளைக்கும் ஆறு விதமான உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முளை இருந்தால் 7,776 விதமான சாவி கணக்கில் வரும். ஆறு முளை இருந்தால் 46,656. செய்ய முடியாத சில வடிவங்களைத் தயாரிப்பாளர்கள் கழித்துவிடுவார்கள். ஆனாலும் ஒரு முளை கூடினால் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

திறக்க முடியாத பூட்டு உண்டா?

லண்டனில் ஜோசப் பிராமா என்ற பூட்டுக்காரர் 1790-ல் தம் கடையில் ஒரு பூட்டைக் காட்சிக்கு வைத்தார். சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டார். அறுபது வருஷம் அது அசையவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து பரிசைப் பெற்றார். ஆனால் அதற்கு அவருக்குப் பதினாறு நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம்தான். நம் வீட்டுத் திருடனுக்கு 50 மணி நேரம் கிடையாது. மாடிப்படியில் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவன் சில நிமிஷம்தான் நிற்பான். அவன் நுட்பமான வித்தைகளுக்குப் போவதும் குறைவு. எது மெலிந்த இடமோ அங்கே பலத்தைக் காட்டுவான்.

சிலிண்டரில் மெலிந்த இடம் அதன் இடுப்பு. அதை நிலைநிறுத்தும் நீளத் திருகாணி செல்வதற்கு நடுவில் ஒரு துளை இருக்கிறது. பூட்டின் நாக்கைத் தள்ளும் சிறு பல் சுழலுவதற்கும் அங்கேயே ஒரு வெட்டு. மிஞ்சிய பித்தளை கொஞ்சம்தான். வெளிப்பக்கம் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால், அதைக் கருவியால் பற்றி ஒடித்துவிட முடியும். என் வீட்டுக் கதவில் அது அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தது! அதைத்தான் பெரியவர் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் அளவு, பிறகுதான் விலை

ஆகவே சகோதரிகளே, கடைக்குப் போகுமுன் கையில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைத் துணி எடுப்பவர்கள் அளவு இல்லாமல் கடைக்குப் போவதில்லையே!

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டுப் பெட்டியின் தகட்டில், சாவித்துவாரத்துக்கு நேராக ஒரு திருகாணி தெரியும். அதன் நடுவிலிருந்து வெளிப்பக்கத் தகட்டின் முகப்பு வரை ஓர் அளவு. உள்பக்கத் தகட்டின் முகப்பு வரை ஓர் அளவு. கடையில் மில்லிமீட்டரில்தான் பேசுவார்கள். உதாரணமாக, கதவின் கனம் 38 மில்லிமீட்டர், பூட்டு நடுமத்தியில், இரு பக்கமும் கைப்பிடித் தகடு 10 மில்லிமீட்டர் என்றால், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 29 வரும். அதற்கு 30-க்கு 30, அதாவது மொத்தம் 60 மில்லிமீட்டர் சிலிண்டர் பொருந்தும். வெளியே ஒரு மில்லிமீட்டர்தான் தெரியும்.

வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தகட்டோடு தகடாக இருந்தால் இன்னும் உத்தமம். இரண்டு பக்க அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 30-க்கு 40 என்பதுபோல் ஏற்றத் தாழ்வான சிலிண்டர்களும் கிடைக்கும். “எழுபது எடுத்துக்கோங்கம்மா, எல்லாக் கதவுக்கும் சேரும்” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். எல்லாக் கதவுக்கும் சேருவது அநேகமாக எல்லாத் திருடனுக்கும் சேரும்.

உள்பக்கம் சாவியா, குமிழா?

இப்போது என் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். கதவுக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கத்தைப் பற்றி நாம் படும் கவலையில் பாதியையாவது உள்பக்கத்துக்குப் பட வேண்டும்.

கடையில் இரண்டு வகை சொல்வார்கள். ‘போத் சைட் கீ’ என்றால் இரண்டு பக்கமும் சாவி. ‘ஒன் சைட் நாப்’ என்றால் வெளியே சாவி, உள்ளே திருகும் குமிழ். என் வீட்டில் இருந்தது முதல் வகை. குமிழ் உள்ள சிலிண்டரில், வெளியிலிருந்து எத்தனை சுற்றுப் பூட்டினாலும் உள்ளே இருப்பவர் குமிழைத் திருகிக் கதவைத் திறந்துகொள்ளலாம். உள்ளே சாவி செருகியிருக்கிறதே என்ற தொல்லையும் இல்லை. வெளிச்சாவி எப்போதும் வேலை செய்யும். குழந்தை விளையாட்டாகக் குமிழைத் திருகிப் பூட்டிக்கொண்டாலும் தாயார் வெளியிலிருந்து திறந்துவிடலாம். வயதானவர்களோ குழந்தைகளோ பகலில் தனியாக இருக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது.

ஒரே ஒரு விலக்கு. கதவில் கண்ணாடியோ, பக்கத்திலேயே கைநுழையும் ஜன்னலோ இருந்தால், வெளியிலிருந்து கையை விட்டுக் குமிழைத் திருகிவிடலாம். அப்படிப்பட்ட கதவுக்கு இரண்டு பக்கமும் சாவி உள்ளதையே வாங்குங்கள். ஆனால் உள்ளே சாவி செருகியிருந்தாலும் வெளிச்சாவியால் திறக்கக்கூடிய விசேஷ ரகமாகக் கேட்டு வாங்குங்கள். உள்பக்கச் சாவிக்குக் கதவருகே, ஜன்னலுக்குக் கை எட்டாத இடத்தில், ஓர் ஆணி அடியுங்கள். வீட்டில் இருக்கும் அனைவருக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும். அரிசி டின் வேண்டாம்!

பல வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிராதிக் கதவும் இருக்கிறது. உள்ளே ஆளை வைத்துவிட்டு அதற்கு வெளிப்புறம் தொங்குபூட்டுப் போடுகிறார்களே, அதுவும் நான் செய்த அதே தவறுதான்.

கடையில் கேட்க வேண்டியவை

சாமான் வாங்கும்போது கேள்வி கேட்பதில் நமக்கு இணை யார்? கத்தரிக்காயை நாலு புறம் திருப்பிப் பார்க்கும் நாம், பூட்டை மட்டும் பெட்டியைக்கூடத் திறக்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். கேட்க வேண்டியவை இவை:

எத்தனை முளை? ஐந்துக்குக் குறையக்கூடாது. ஆறு இருந்தால் நல்லது.

துளைப்பானைத் தடுக்க உள்ளே கெட்டி எஃகு முளைகள் உண்டா? வெறும் பித்தளையைத் துளைப்பானால் சுலபமாகத் துளைத்துவிடலாம்.

ஒடிப்பதைத் தாங்குமா? பிரிட்டனில் சிலிண்டரை ஒடித்துத் திருடுவது அதிகமானதால், சோதனையில் தேறிய சிலிண்டர்களுக்கு நட்சத்திரக் குறி தருகிறார்கள். மூன்று நட்சத்திரம் உயர்ந்தது. இப்படிப்பட்ட சிலிண்டரில் வெளிப்பகுதியில் வேண்டுமென்றே ஒரு வெட்டு வைத்திருப்பார்கள். திருடன் இழுத்தால் நுனி மட்டும் ஒடிந்துவரும். மீதி உள்ளேயே நின்று பூட்டைக் காக்கும். வாலை விட்டுவிட்டுத் தப்பும் பல்லியைப் போல!

சாவி எப்படிப்பட்டது? பல்வெட்டுச் சாவியைத் தெருமுனையில் ஐந்து நிமிஷத்தில் அரத்தால் ராவிவிடுகிறார்கள். பக்கவாட்டில் குழி குழியாக உள்ள சாவியைக் கடைக்காரர்கள் ‘கம்ப்யூட்டர் கீ’ என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதைப் பிரதி எடுக்க மிஷின் வேண்டும். சில சிலிண்டர்களோடு ஓர் அடையாள அட்டை வரும். அந்த அட்டையைக் காட்டினால்தான் தயாரிப்பாளர் மறுசாவி செய்து தருவார். அதை ரேஷன் கார்டைப்போல் பத்திரப்படுத்துங்கள்.

பொருத்தும் முறை

சிலிண்டர் பூட்டின் பெரிய சௌகரியம் இதுதான்: சாவி தொலைந்தாலோ, வாடகை வீட்டில் புதிதாகக் குடிவந்தாலோ, பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம். சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய சிலிண்டரை எடுத்து வைத்துக் காலி செய்யும்போது மறுபடி போட்டுவிடலாம்.

கதவைத் திறந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள நீளத் திருகாணியைத் திருப்புளியால் கழற்றுங்கள். சாவியை நுழைத்து மிகக் கொஞ்சமாகத் திருப்பினால், நடுவிலுள்ள பல் உடலுக்குள் ஒடுங்கும். அந்த நிலையில் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். புதியதை அதே மாதிரி நுழைத்துத் திருகாணியை முடுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் சாவி இறுகும்.

இப்போது முக்கியமான விதி: கதவைச் சாத்தாதீர்கள்! திறந்த கதவிலேயே உள்ளும் புறமும் பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகே சாத்துங்கள். இந்த விதியை மறந்து, தச்சரும் வீட்டுக்காரரும் சேர்ந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த காட்சியை எங்கள் கட்டிடத்திலேயே கண்டிருக்கிறேன்.

பூட்டு நல்லது, நிலை? பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டை நிலையில் அரை அங்குலத் திருகாணி இரண்டால் பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓங்கி ஓர் உதை விட்டால் அது மரத்தைப் பிளந்துகொண்டு வந்துவிடும். இரண்டரை முதல் மூன்று அங்குலத் திருகாணி போட்டு, அது நிலையின் கனத்துக்குள் ஆழமாக இறங்கும்படி செய்யச் சொல்லுங்கள். செலவு சொற்பம், லாபம் பெரிது. கீல்களின் திருகாணிகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கதவை இழுத்துச் சாத்தினால் ‘டக்’கென்று சத்தம் கேட்கிறதே, அது பூட்டியதாகாது. அது ஸ்பிரிங் நாக்கு மட்டுமே. சாவியைச் சுற்றிக் கெட்டி நாக்கை வெளியே தள்ளினால்தான் பூட்டியதாகும். கீழே காய்கறி வண்டிக்குப் போகும் ஐந்து நிமிஷத்துக்கும் சாவியைச் சுற்றிவிட்டே போங்கள்.

சாவியும் தேங்காயெண்ணெயும்

எவ்வளவு நல்ல பூட்டானாலும் சாவி எங்கெங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு கட்டும்போது பெயிண்டரிடம் ஒன்று, எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று என்று கொடுத்த சாவிகள் எல்லாம் திரும்பி வந்தனவா? சந்தேகமானால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். சாவிக்கொத்தில் விலாசம் எழுதிய அட்டை வேண்டாம். பூந்தொட்டி, செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி, இவை நமக்கு மட்டும் தெரிந்த இரகசிய இடங்கள் என்று நினைப்பது நம் பேதைமை. நம்பிக்கையான அயல்வீட்டில் ஒரு சாவி இருப்பது ஆயிரம் பூந்தொட்டிக்குச் சமம்.

பூட்டு இறுகினால் நம் கை உடனே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். பழைய பூட்டுக்கு அது பரவாயில்லை. சிலிண்டருக்குள் எண்ணெய் போனால் தூசியைப் பிடித்துக் கொழகொழவென்று பசையாகி முளைகளை ஒட்டிவிடும். கிராபைட் பொடியே ஏற்றது. கிடைக்காவிட்டால் குழந்தையின் பென்சிலைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலு தடவை நுழைத்து எடுங்கள். பென்சில் முனையில் இருப்பதும் கிராபைட்தான். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இதை அடிக்கடி செய்வது நல்லது. உப்புக்காற்று ஸ்பிரிங்குகளை அரித்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது வெளியே சாவியும் உள்ளே குமிழும் உள்ள சிலிண்டர், தகட்டோடு தகடாக உட்கார்ந்திருக்கிறது. பொருத்திய அன்று மாலை நான் வெளியே போய்ப் பூட்டினேன். அத்தை உள்ளேயிருந்து குமிழைத் திருகிக் கதவைத் திறந்து, நடையில் வந்து நின்றார். மறுபடி உள்ளே போனார். மறுபடி பூட்டச் சொன்னார். மறுபடி திறந்தார். ஏழெட்டுத் தடவை ஆயிற்று. நான் சிரிக்கவில்லை.

நீங்களும் இன்று இரவு இரண்டு காரியம் செய்யுங்கள். வாசற்கதவின் வெளிப்பக்கம் போய்ச் சிலிண்டரை விரலால் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு உள்ளே வந்து கதவைப் பூட்டி, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் மூத்தவரைக் கூப்பிட்டு, “இருட்டிலே கதவைத் திறங்க பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அவரால் உடனே திறக்க முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். முடியாவிட்டால் நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.